நூற்றுப் பதினேழாம் வரி

பார்க்க இரண்டு கண் போலிருக்கும்.
கண்ணில்லை. ஒன்று வாய், மற்றது காது.
வாய் கூவும், நமக்குக் கேட்காது.
தண்ணீர் பதில் சொல்லும், காது வாங்கும்.
போய்வந்த நேரத்தில் பாதியே தூரம்.
மதுரையிலிருந்து கூரியரில்
எண்பத்தைந்து ரூபாய்க்கு வந்தது.

பாலிடெக்னிக், மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்.
நான், அடைக்கலமேரி, சேவுகன்.
சேவுகன் பெயருக்குத்தான்,
ஆனால் பைக் அவனுடையது.

தரை ஒயரைக் கோக்க மறந்து
ஒரு பகல் முழுக்கப் பூஜ்யம் பார்த்தோம்.
ஆடுகிற பல்லைத் தேடுவதுபோல்
ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தாள் மேரி.
கறுப்பு ஒயர் மேசைக்கடியில் கிடந்தது.

கோட்டையூர் தாண்டி எங்கள் தெரு ஊருணி.
செம்பூரான் கல் படிகள் முடிகிற இடத்தில்
முழங்கால் தண்ணீரில் இறங்கி ஊன்றிய இரும்புக் குழாய்,
அதன் உச்சியில் மனகோலம் வைத்திருந்த டப்பா,
டப்பாவுக்குள் போர்டு, பேட்டரி, ஒரு சிம்.
எவ்வளவு கழுவியும் வெல்லம் போகவில்லை.
தண்ணீருக்கு மேலே எந்த வழியாகவோ
எறும்புகள் இரண்டாம் நாளே குடிவந்துவிட்டன.

ஆவணி. இரவு இரண்டு மணி.
போன் அலறியது: ஊருணி நிறைந்தது.
வெளியே வானம் முழுக்க நட்சத்திரம்.
டார்ச் அடித்தால்
துவைகல் காய்ந்து கிடக்கிறது,
தண்ணீர் அதே முழங்காலில் நிற்கிறது.
வாய்க்கும் காதுக்கும் நடுவே வலை கட்டி
ஒரு சிலந்தி தொங்கிக்கொண்டிருந்தது.
கூப்பிட்ட குரலுக்கு அது பதில் சொல்லியிருக்கிறது:
மூன்று சென்டிமீட்டர்.

மறுநாள் பறந்து வந்து ஒட்டிய பால் கவர்.
அதற்கடுத்த நாள் கொக்கு.
மூன்று ராத்திரி, மூன்று வெள்ளம்.
டீக்கடையில் கேட்டார்கள்:
"இன்னைக்கு எத்தனை அடி தங்கச்சி?"

அன்று மாலை எழுதினேன்:
ஒரு மணி நேரத்துக்குள் ஓர் அடிக்கு மேல் ஏறினால்
நம்பாதே. பழைய எண்ணையே சொல்.

மேரி படித்துவிட்டுக் கேட்டாள்,
"நெசமாவே ஏறுனா?"
"நம்ம ஊர்லயா?" என்றேன்.
சேவுகன் சிரித்தான். நானும்தான்.

அதன்பிறகு போன் தூங்கியது.
நாளுக்கு ஒரு விரற்கடை இறங்குகிற எண்.
வரைபடம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் வந்தது.
கைடு பச்சை மையில் 'நன்று' என்று எழுதினார்.

ஐப்பசியில் ஒரு வியாழன்.
நாலு மணிக்கு இருட்டியது,
ஐந்துக்கு வரத்துக்கால் செக்கச்செவேலென்று ஓடியது,
ஆறுக்குத் தவளைகள்.
போனைப் பார்த்தேன்: ஓரடி இரண்டு அங்குலம்.
அணைத்துப் போட்டுப் பார்த்தேன்: ஓரடி இரண்டு அங்குலம்.
சேவுகன் கூப்பிட்டான்,
"ஏய், அஞ்சு படி முழுகிருச்சு, எங்க இருக்க நீ?"

குடையோடு போய் நின்றேன்.
குழாய் மார்பளவு தண்ணீரில்.
டப்பாவுக்குள் பச்சை விளக்கு
எல்லாம் சரி, எல்லாம் சரி என்று
நிதானமாகக் கண்ணடித்தது.
மூடிமேல் எறும்புகள் ஒரே உருண்டையாக,
நடுவில் வெள்ளை முட்டைகள்.
அவை என் எண்ணுக்காகக் காத்திருக்கவில்லை.

வைவாவில் வெளியூர் எக்ஸாமினர் கேட்டார்,
"இதுல குறை என்ன?"
பேட்டரி, சிக்னல் என்று மனப்பாடம் செய்திருந்தோம்.
மேரி என்னைப் பார்த்தாள்.
"மழையை நம்பாதேன்னு எழுதிட்டேன், சார்."
"எந்த வரியில?"
"நூத்திப் பதினேழு."
குனிந்து குறித்துக்கொண்டார்.
எவ்வளவு போட்டார் என்று இன்றுவரை தெரியாது.

அந்த வரியை அழிக்க மனம் வரவில்லை.
முன்னால் இரண்டு சாய்கோடு போட்டுவைத்திருக்கிறேன்;
இருக்கிறது, ஓடாது.

நேற்றிரவு ஒன்றரைக்கு மறுபடி வெள்ளம்.
சிலந்தியாகத்தான் இருக்கும்.
செருப்பைத் தேடினேன்.